பதினாலு நிமிஷ கவுன்

திருப்பூர் கம்பெனிகளில் காஸ்டிங் மேஜையில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம்: "சிம்பிள் ஸ்டைல்தானுங்க." பதினோரு வருஷம் நானும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். இப்போது அதே வாக்கியத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் இருந்தபோது இதை எழுதியிருப்பாயா என்று கேட்டால், மாட்டேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை இதுதான். பையர் அனுப்பிய சாம்பிளை மேஜையில் விரித்துப்போட்டு ஒரு பீஸுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். துணி எத்தனை கிராம், சாயக் கூலி, பிரிண்டிங், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, கடைசியில் தையல் கூலி. நூல் விலையை மில்காரன் முடிவு செய்கிறான். சாயப்பட்டறையிலும் ரேட்டைக் குறைக்க முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறையையும் மூடச் சொன்ன நாளிலிருந்து, சுத்திகரிப்புச் செலவைத் தலையில் சுமந்துகொண்டுதான் அவர்கள் ரேட் சொல்கிறார்கள். பையரோ சொன்ன விலையிலிருந்து ஒரு சென்ட் ஏற மாட்டான். ஆக, என் பேனாவுக்கு வளைந்து கொடுத்த ஒரே வரி தையல் கூலி.

தையலுக்கு ஒரு நிமிடக் கணக்கு உண்டு. எஸ்.ஏ.எம். என்போம். ஒவ்வொரு ஆபரேஷனையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து கூட்டிய தொகை. ஒருமுறை கை இல்லாத ஒரு குழந்தை கவுனுக்கு பதினாலு நிமிடம் போட்டிருந்தேன். பவர் டேபிள் காண்ட்ராக்டர் வந்து நின்றார். "கழுத்துல பட்டி வருதுங்க, பின்னாடி ஓப்பன் வேற இருக்குது, பதினேழாவது போடுங்க" என்றார். நான் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பீஸுக்கு நாற்பது பைசா இறங்கினார். 12,000 பீஸ் ஆர்டர். 4,800 ரூபாய் மிச்சம். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு சபாஷும் ஒரு டீயும் கிடைத்தன. அந்த நாற்பது பைசாவை காண்ட்ராக்டர் தன் பையிலிருந்து கொடுத்திருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த நாள்வரை நான் ஒரு பட்டன்கூடத் தைத்ததில்லை.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர்கள் நின்றன. கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். இருந்தேன். எங்கள் ஊர் சாமளாபுரம். நொய்யல் கரை, பெரிய குளம், ஒரு பக்கம் சோமனூர், இன்னொரு பக்கம் திருப்பூர். 2017 ஏப்ரலில் டாஸ்மாக் கடை வேண்டாமென்று ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த வீடியோவில்தான் வெளியூர்க்காரர்கள் பலர் எங்கள் ஊரின் பெயரைக் கேள்விப்பட்டார்கள். மற்ற நாட்களில் இது தறிச் சத்தத்துக்கும் பனியன் கம்பெனி வேன்களின் ஹாரனுக்கும் நடுவில் கிடக்கிற ஊர். அந்த செப்டம்பரில் வேன் ஹாரன் குறைந்துபோனது. எதிர் வீட்டு அக்காவும் வீட்டில் இருந்தார். பதினெட்டு வருஷ ஓவர்லாக் டெய்லர்.

தீபாவளிக்குத் தங்கை மகளுக்கு கவுன் எடுக்க வேண்டும். ஐந்து வயது. கையில் காசு இல்லாத கடுப்பா, நேரம் போகாத கடுப்பா தெரியவில்லை, "நானே தைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சிரித்தார்கள். ஆம்பளை தைப்பதற்காகச் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் கட்டிங் மாஸ்டரில் இருந்து பஜார் டெய்லர் வரை ஆண்கள்தான் அதிகம். ஆபீஸில் உட்கார்ந்தவன் தைப்பதற்குச் சிரித்தார்கள்.

அக்காவின் அம்மா காலத்துக் கால் மெஷின் ஒன்று அவர் வீட்டில் துணிமூட்டைக்கு அடியில் கிடந்தது. துடைத்து எண்ணெய் விட்டோம். முதல் நாள் முழுக்க நான் தைத்தது வெறும் செய்தித்தாளில், நூல் கோர்க்காமல். கால் மெஷினில் மிதிக்கிற மிதி ஒரே சீராக இல்லையென்றால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். நூல் பட்டென்று அறும். காலுக்கும் கைக்கும் பேச்சுவார்த்தை ஏற்படவே இரண்டு நாள் ஆனது. அதன்பிறகு பாபின். மேல்நூல் இறுக்கமும் கீழ்நூல் இறுக்கமும் ஒத்துப் போகவில்லையென்றால் துணிக்கு அடியில் கொசகொசவென்று நூல் குவியும். "மேல குத்தம் இருந்தா கீழ தெரியுமுங்க தம்பி" என்றார் அக்கா. மெஷினைத்தான் சொன்னார்.

இனி நான் செய்த மடத்தனம். பழைய கவுன் ஒன்றைச் செய்தித்தாள்மேல் விரித்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டினேன். யாரும் சொல்லித்தருகிற முறைதான், தப்பில்லை. ஆனால் அந்தப் பழைய கவுன் பனியன் துணி. நான் வாங்கி வந்தது சோமனூரில் காட்டன் தறித்துணி, இரண்டு மீட்டர். பனியன் துணி என்பது நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியது, இழுத்தால் கொடுக்கும். தறித்துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன, இழுத்தால் அசையாது. பதினோரு வருஷம் பின்னலாடைக்குக் கணக்குப் போட்டவன், தறி ஓடுகிற ஊரில் பிறந்தவன், இந்த வித்தியாசத்தை ஒரு குழந்தையின் தலை மாட்டிக்கொண்டபோதுதான் கற்றேன். தலைச் சுற்றளவு 20 அங்குலம், நான் வெட்டிய கழுத்து 16 அங்குலம். பிள்ளை கவுனுக்குள் இருந்து "மாமா, இருட்டா இருக்கு" என்றாள்.

துணியைச் சொந்தச் சித்தப்பாவின் தறிக்குடோனில் வாங்காமல் ஏன் கடையில் வாங்கினாய் என்று கேட்கலாம். தறி அவருடையது, கரண்ட் பில் அவருடையது, தூசி அவர் நுரையீரலுடையது. பாவு நூலும் நெய்த துணியும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி மட்டும்தான் அவருக்கு. அந்தக் கூலியை ஏற்றிக் கேட்டுத்தான் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகளை நிறுத்திப் போட்டார்கள். நெய்கிறவருக்குத் துணி சொந்தமில்லை, தைக்கிறவருக்குச் சட்டை சொந்தமில்லை. எங்கள் ஊரில் இதைப் பெரிய சோகமாக யாரும் பேசுவதில்லை. மழை பெய்தால் நனைவது மாதிரி.

இரண்டாவது கவுனுக்கு நானும் அக்காவும் சேர்ந்தே உட்கார்ந்தோம். அங்கேதான் எனக்கு அதிர்ச்சி. அக்காவுக்கு கவுன் தைக்கத் தெரியாது.

"எனக்குத் தோள் ஜாயின்ட் தெரியுமுங்க. சைடு போடுவேன். கட்டிங்கெல்லாம் நம்மகிட்ட எங்கீங்க வருது? கழுத்து வேற லைனு. மடிப்பு வேற லைனு." பதினெட்டு வருஷத்தில் அந்தக் கை எத்தனை லட்சம் தோள்களை இணைத்திருக்கும் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். ஆனால் அந்தத் தோளை அவர் இணைத்ததைப் பார்க்க வேண்டும். நான் குண்டூசி குத்தி, சாக்பீஸ் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோணலாகத் தைத்த அதே நான்கு அங்குலத்தை, ஓவர்லாக்கே இல்லாத பழைய கால் மெஷினில், கோடும் ஊசியும் இல்லாமல், இரண்டு துணியின் விளிம்பையும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலேயே அளந்து, ஒரே ஓட்டத்தில் முடித்தார். முடித்ததும் கை தன்னால் அடுத்த பீஸைத் தேடி இடதுபக்கம் போனது. அங்கே எதுவும் இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

இதற்குப் பெயர் 'சிம்பிள் ஆபரேஷன்'.

1832-இல் சார்லஸ் பாபேஜ் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கம்ப்யூட்டரின் தாத்தா என்கிறோமே, அவர்தான். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால் வேகம் கூடும் என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே குண்டூசி உதாரணம் காட்டிச் சொல்லிவிட்டார். பாபேஜ் அதற்குமேல் ஒரு கணக்கைச் சேர்த்தார். ஒரு பொருளை முழுதாகச் செய்யத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டால், அந்த வேலையில் இருக்கிற மிகக் கடினமான பகுதிக்கான கூலியை முழு நேரத்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். பிரித்துவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் அந்தத் துண்டுக்குத் தேவையான திறமையை மட்டும் விலைக்கு வாங்கலாம். எங்கள் காஸ்டிங் ஷீட்டின் பூர்வீகம் இதுதான். பிரிப்பது வேகத்துக்காக மட்டுமல்ல, மலிவுக்காகவும். முழுச் சட்டை தைக்கத் தெரிந்தவர் நாளை வெளியே போய்க் கடை போடலாம். தோள் மட்டும் தெரிந்தவர் எங்கே போவார்? இன்னொரு கம்பெனியின் தோளுக்குத்தான்.

பழைய முதலாளிகள் இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி எழுதி 2004-இல் வெளிவந்த 'ஃபிராடர்னல் கேப்பிடல்' புத்தகத்தில், விவசாயக் கூலியாகவும் பனியன் தொழிலாளியாகவும் இருந்து முதலாளி ஆனவர்கள் தங்கள் உயர்வுக்குச் சொல்கிற ஒரே காரணம் 'உழைப்பு' என்று பதிவு செய்திருக்கிறார். அவர்களில் பலருக்கு மெஷினில் உட்காரத் தெரியும். அதனால் கூலியை அள்ளிக் கொடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. ஆனால் கழுத்துப் பட்டி என்றால் என்னவென்று அவர்களிடம் விளக்கத் தேவையிருந்திருக்காது. தெரிந்தே பேரம் பேசினார்கள். நாங்கள் தெரியாமல் பேசுகிறோம், அதுவும் எக்செல் ஷீட்டின் தைரியத்தில்.

சரி, கவுனுக்கு வருகிறேன். கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வேண்டும். துணியை 45 டிகிரி சாய்வில் வெட்டிய பட்டை. தறித்துணி நேராக இழுத்தால் அசையாது என்றேன் அல்லவா, சாய்வில் இழுத்தால் கொடுக்கும். வளைவான கழுத்தில் சுருக்கமில்லாமல் படிந்து உட்காருவது அந்தப் பட்டைதான். இதைச் சொல்லித்தந்தது சோமனூர் பஜாரில் ஒரு வயதான டெய்லர். பின்பக்கம் மூன்று அங்குலம் கீறி, ஒரு நூல் கண்ணியும் பட்டனும் வைக்கச் சொன்னதும் அவர்தான். அந்தக் கீறல் வைத்த பிறகு தலை போனது. துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்ப மூணாவது கவுனும் தெச்சிருவீங்க" என்றார். முதல் அலசலில் சுருங்கும் என்பதற்காக.

கீழ் மடிப்பில் மறுபடி மாட்டினேன். கீழே விரிந்த கவுனின் விளிம்பு ஒரு வில்வளைவு. அதை ஒன்றரை அங்குலம் மடித்தால், வெளி விளிம்பின் நீளம் அதிகம், உள்ளே போய்ப் படிகிற இடத்தின் நீளம் குறைவு. மிச்சத் துணி அலை அலையாக எழும். வட்டத்தின் சுற்றளவு பாடம் இது. அக்கா அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. "மடிப்ப சிறுசாக்குங்க, அடங்கிரும்" என்றார். கால் அங்குலமாக்கினேன், அடங்கியது. எந்தத் தையலையும் நான் ஒரே தடவையில் முடிக்கவில்லை. பிளேடு வைத்துப் பிரித்த நூலைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு தலையணைக்கு ஆகியிருக்கும்.

காஸ்டிங் புத்தி போகாது. நேரத்தை எழுதி வைத்திருந்தேன். எல்லாம் சேர்த்து பத்தொன்பது மணி நேரம். 1,140 நிமிடம். என் பழைய ஷீட்டில் பதினாலு. எண்பத்தோரு மடங்கு.

இதை என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதலில், "உன் எஃபிஷியன்சி 1.2 சதவீதம், வீட்டுக்குப் போ" என்று வந்தது. வீட்டில்தானே இருக்கிறேன் என்றேன். பிறகு கொஞ்சம் நியாயமாகவே கேட்டார்: "கத்துக்கிற நேரத்தையும் சேத்துப் போட்டா எப்படி? கம்பெனியில பழகின கை, கரண்ட் மெஷின், ஒவ்வொண்ணுக்கும் தனி ஆள். பதினாலு நிமிஷம் கரெக்ட்தான்."

பதினாலு கரெக்ட்தான். அளந்ததில் பொய் இல்லை. என் சண்டை அந்த 'பழகின கை'யோடுதான். அந்தக் கை எங்கே பழகியது? யார் செலவில்? அக்கா கைமடியாகச் சேர்ந்து, டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பழகி, மூன்று வருஷம் கைமடிக் கூலியிலேயே இருந்தாராம். நான் பத்தொன்பது மணி நேரத்தில் பட்ட பாட்டை அவர் மூன்று வருஷம் பட்டிருக்கிறார், பாதிக் கூலிக்கு. எங்கள் ஷீட்டில் மெஷினுக்குத் தேய்மானம் என்று ஒரு வரி உண்டு. ஜெனரேட்டருக்கு உண்டு. கட்டிடத்துக்கு வாடகை உண்டு. கை பழகியதற்கு வரி கிடையாது. கண் தேய்ந்ததற்கும் கிடையாது. அக்கா இப்போது ஊசியில் நூல் கோர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். மெஷின் பழையதானால் எங்கள் கணக்கில் அதன் மதிப்பு குறையும், அதற்காகப் பணம் ஒதுக்குவோம். டெய்லர் பழகப் பழக வேகமாகத் தைத்தால் என்ன செய்வோம் தெரியுமா? மறுபடி ஸ்டாப்வாட்சை எடுத்துப்போய் நிமிடத்தைக் குறைப்போம். நான் செய்திருக்கிறேன். பழகியதற்கு அபராதம்.

"இத்தனை கஷ்டப்பட்டு எதற்கு, காதர்பேட்டையில் நூறு ரூபாய்க்கு கவுன் கிடைக்கிறதே" என்று வீட்டில் கேட்டார்கள், தெருவில் கேட்டார்கள். கிடைக்கிறது. அந்த விலைக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதைத்தான் மேலே எழுதினேன்.

வீட்டில் தைப்பது அன்பின் வெளிப்பாடு என்று உருகுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இந்த உருக்கத்துக்குக் காந்தியே பலியாகியிருக்கிறார். 1924-இல் ராமச்சந்திரன் என்ற மாணவர், எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் தையல் மெஷினுக்குக் காந்தி விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த சிங்கர் அன்பினால் கண்டுபிடித்தது அது என்றார். ஐசக் சிங்கரின் உண்மைக் கதை வேறு. தையல் மெஷினை முதலில் கண்டுபிடித்தவரே அவர் இல்லை. 1851-இல் அவர் காப்புரிமை வாங்குவதற்கு ஐந்து வருஷம் முன்பே எலியாஸ் ஹோவ் வாங்கிவிட்டார், பிறகு கோர்ட்டில் சிங்கரிடம் ஜெயிக்கவும் செய்தார். சிங்கருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், இருபதுக்கும் அதிகமான பிள்ளைகள். எந்த மனைவியின் கஷ்டத்தைப் பார்த்தாரோ! ஆனால் அந்த மாணவர் விடவில்லை. அந்த மெஷினைச் செய்யவே ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். அப்படிப்பட்ட ஆலைகள் அரசுடைமையாக வேண்டும், அங்கே வேலைச்சூழல் நன்றாக இருக்க வேண்டும் என்று காந்தி இறங்கி வந்தார். அன்பில் ஆரம்பித்த பேச்சு கூலியில் வந்து நின்றது. தையல் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

அன்பு ஒரு பக்கம், தர்மம் இன்னொரு பக்கம். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் என்று அரசிடம் ஒன்று இருக்கிறது. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி, ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு மெஷின் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் தையல் என்றாலே வேறு வழியில்லாதவர்களுக்கான வேலை என்ற எண்ணம் நம் மண்டையில் எப்படி உட்கார்ந்தது என்று யோசிக்கும்போது அந்த மேடைகளும் எனக்கு ஞாபகம் வருகின்றன. ஆதரவற்றவளின் வேலைக்கு யார் முழுக் கூலி கொடுப்பார்கள்? தமிழகத்தில் தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004-க்குப் பிறகு 2014-இல்தான் திருத்தினார்கள். அதையும் எதிர்த்து முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அது செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஆனது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நூல் விலை எத்தனை தடவை ஏறியது என்று என்னைக் கேட்டால் ஷீட் ஷீட்டாகக் காட்டுவேன்.

பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். தையல் சொல்லிக்கொடுப்பவருக்கே இந்த நிலை. பையன்களும் பெண்களும் பத்தாம் வகுப்புக்குள் ஒரு முழு உடுப்பை, கட்டிங் முதல் பட்டன் வரை, ஒருமுறை தைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பேன். யாரும் டெய்லர் ஆவதற்கு இல்லை. பின்னாளில் அவர்களில் ஒருவன் என் நாற்காலியில் உட்காருவான், அதற்காக.

கம்பெனிகளுக்கு என் கோரிக்கை அதைவிடச் சின்னது. ஒரு ஸ்டைலுக்குத் தையல் கூலி போடுகிறவர் யாராக இருந்தாலும், காஸ்டிங் ஆள், மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு பையரின் ஆடிட்டர், அந்த ஸ்டைலில் ஒரே ஒரு பீஸைத் தானே தைத்து ஷீட்டோடு சேர்த்துப் பின் குத்தி வைக்க வேண்டும். கோணலாக இருந்தால் பரவாயில்லை. காண்ட்ராக்டர் பதினேழு நிமிஷம் கேட்டு வந்து நிற்கும்போது அந்தக் கோணல் பீஸ் மேஜையில் கிடக்கட்டும். பிறகு பேசலாம்.

தீபாவளிக்கு அந்த கவுனைப் பிள்ளை போட்டுக்கொண்டாள். இடது தோள் அக்கா தைத்தது, வலது தோள் நான். எது யாருடையது என்று தெருவே சொன்னது. மத்தாப்புப் புகையில் நாள் முழுக்க ஓடி, சாயங்காலம் வந்து கேட்டாள், பாக்கெட் எங்கே என்று. அக்கா மிச்சத் துணியை முழங்காலில் விரித்து சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்துகொண்டிருந்தார். கத்திரிக்கோலை என்னிடம் கேட்கவில்லை. இந்த முறை கட்டிங் அவர்.